உமித்தண்ணீர்

சென்னை,
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா தயவில் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பாக்யராஜ் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு இடுப்பு வலி தேவலையா? கம்பெனியில் பெட்டி தூக்கும் வேலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. எங்கள் ஆபீசில் நாய்க்கடி பற்றி ஒரு போஸ்டர் தயாராகிறது. வில்லியனூர், பாகூர், உங்கள் மண்ணாடிப்பட்டுப் பக்கம் எல்லா ஊரிலும் ஒட்டப் போகிறார்கள். அச்சுக்குப் போவதற்கு முன்னால், படிக்கிறவர்களுக்கு அது எப்படிப் புரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் வேலை. போனில் கேட்டுப் பார்த்தோம். எல்லாரும் "நல்லாப் புரியுது மேடம்" என்கிறார்கள். அவ்வளவு நன்றாகப் புரிந்தால் ஊசி போடாமல் ஏன் சாகிறார்கள்?

நீ நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போகிறாய் அல்லவா? கூட இருக்கும் பெண்களிடம் இந்தப் போஸ்டரைக் காட்டு. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. நீ திருத்தாதே. ஸ்டாம்பு ஒட்டிய கவர்கள் உள்ளே வைத்திருக்கிறேன். போனில் கேட்டால் நீயும் "நல்லா இருக்குடி" என்று சொல்லி வைத்துவிடுவாய், எனக்குத் தெரியாதா?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
உஷாராணி

•

காட்டேரிக்குப்பம்,
18.6.2025

அன்புள்ள உஷாவுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை பார்த்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது.

உன் போஸ்டரை வேப்பமரத்தில் மாட்டி வைத்துக் கேட்டேன். திருத்தாதே என்றாய், அதனால் திட்டினாலும் பொறுத்துக்கொள். "காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவவும்" என்று இருக்கிறதே, அதைப் படித்துக் காட்டியதும் ராமாயி அக்கா பிடித்துக்கொண்டாள். "ஓடுற தண்ணின்னா ஆத்துக்கா போவணும்? நம்ம சங்கராபரணியில தண்ணி ஓடுறதே ஐப்பசி கார்த்திகையிலதான். அதுவரிக்கும் நாயி கடிக்காம காத்துக்கினு இருக்குமா?" என்றாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது படத்தில் ஓர் ஆள் தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிடுகிறான் இல்லையா? அதைப் பார்த்துவிட்டு, நாய் கடித்தால் தண்ணீர் படக்கூடாது, குளிக்கக் கூடாது என்று அர்த்தமாம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கடைசியில் பொடி எழுத்தில் "காயத்தில் உமிழ்நீர் படுதல்" என்று போட்டிருக்கிறாய். "உமித்தண்ணியா? அத மாட்டுக்கில்ல வெப்பாங்க, காயத்துல எதுக்கு வெக்கிறாங்க?" என்று ராமாயி அக்கா கேட்டாள். அதிலிருந்து உன் போஸ்டருக்கு உமித்தண்ணி போஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு சேதி. மாமா கம்பெனி கேட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டி தூக்கி வந்திருக்கிறார். தாய் நாயைக் காணோமாம், கத்திக்கொண்டு கிடந்ததாம். பூச்சி என்று பெயர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒன்று தவழ்வது இதுதான் முதல் தடவை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் முகம்கூடக் கழுவாமல் அதோடு தரையில் புரளுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சகாயராணி

•

சென்னை,
27.6.2025

என் அருமை அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதத்தை மீட்டிங்கில் வாசித்தேன். உமித்தண்ணீர் வந்ததும் ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் டைரக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வரி இனி வேண்டாம், போஸ்டரும் நீளமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டோம். ஓடும் நீரைக் "குழாய்த் தண்ணீர்" என்று மாற்றியாயிற்று.

அந்த மூன்றாவது படத்தையும் தூக்கிவிட்டோம். அது வேறு விஷயம் அக்கா. வெறிநோய் முற்றிப்போனவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன்னால் ஊசி போட்டால் தப்பிக்கலாம். அதைத்தான் சொல்லப் பார்த்தோம், நீங்கள் குளிக்காதே என்று புரிந்துகொண்டீர்கள்!

இனிமேல் கேட்கும்போது ஒரு தந்திரம் செய். "உன்னை நாய் கடித்தால் என்ன செய்வாய்" என்று கேட்காதே. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன் என்றுதான் சொல்வார்கள். "உங்க தெருவுல வேற ஒருத்திக்கு அப்படி ஆனா இன்னா பண்ணுவா" என்று கேள். அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல நம் ஜனங்கள் தங்கள் கதையைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் தொழிலில் இதுதான் பாலபாடம்.

பூச்சிக்கு என் முத்தம். மாமாவை முதலில் முகம் கழுவச் சொல்.

உஷா

•

காட்டேரிக்குப்பம்,
24.7.2025

அன்புள்ள உஷாவுக்கு,

நலம். உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பூச்சி செத்துப்போய்விட்டது. தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது. மாமா அதைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. எலும்பு போட்டது நான்தான்.

ஏரி வேலை இந்த வாரம் இல்லை. கூப்பிட்டதும் கேட்டு எழுதுகிறேன்.

சகாயராணி

•

சென்னை,
30.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பூச்சி சேதி கேட்டு வருத்தமாக இருந்தது. மாமாவிடம் சொல், அடுத்த தடவை வரும்போது நல்ல ஜாதிக் குட்டியாக நானே வாங்கி வருகிறேன். உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே. குட்டி என்றால் எதையாவது விழுங்கத்தான் செய்யும்.

செப்டம்பர் கடைசியில் வெறிநாய்க்கடி நாள் வருகிறது. அதற்குள் போஸ்டர் அச்சாகி ஊருக்கு வந்துவிட வேண்டும். தலைப்பு "நாய் கடித்தால் உடனே ஊசி". இதைக் காட்டி அந்த அடுத்த வீட்டுக்காரிக் கேள்வியைக் கேட்டு எழுது. உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. அங்கே எப்படி? நன்றாகத் தூங்கு அக்கா.

உஷா

•

காட்டேரிக்குப்பம்,
11.8.2025

அன்புள்ள உஷாவுக்கு,

ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். மாமா இப்போது பரவாயில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக நேர்ந்துகொண்டு காவி உடுத்தியிருக்கிறார். அந்த ஜபம் கொஞ்சம் ஆறுதல் கொடுக்கிறது.

நீ சொன்ன மாதிரியே கேட்டேன். "தலைப்புதான் நல்லாப் பெருசா கீதே, எங்களுக்கே படிக்க வருது. ஆனா நாயி கடிச்சாத்தானே ஊசி" என்றார்கள். எனக்குப் புரியவில்லை, வேறு எப்போது என்று கேட்டேன். ராமாயி அக்கா விளக்கிச் சொன்னாள். "கடின்னா தெரு நாயி கோவமா வந்து கவ்வி சதைய எடுக்கணும். ரத்தம் ஒழுவணும். வூட்டு நாயி வெளாடறப்போ பல்லு பட்டுதுன்னு வெச்சிக்கோ, அத போயி கடின்னு சொல்லுவாங்களா? பல்லு பட்டுது, அவ்ளோதான்."

எங்கள் குழுவில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பல் பட்டுவிட்டது. கட்டை விரலில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சுண்ணாம்பு வைத்துவிட்டாள். ஆறிக்கூடப் போய்விட்டது. அப்படிப்பட்டவள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். ஆறிப்போன பிறகு எதற்கு என்றுதான் நானும் சொன்னேன்.

வேறு விசேஷம் இல்லை.

சகாயராணி

•

சென்னை,
16.8.2025

என் தங்க அக்காவுக்கு,

உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது! பல் பட்டது! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் மாதக் கணக்கில் முட்டிக்கொண்டிருந்தோம். ஊர் ஊராகக் "கடி, கடி" என்று கத்துகிறோம், நம் ஜனங்களோ பல் பட்டதைக் கடி என்றே நினைப்பதில்லை. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு உன் பெயரைக் கேட்டார். தலைப்பையே மாற்றப் போகிறோம். செப்டம்பர் முதல் வாரம் திருச்சியில் பயிற்சி வகுப்பு, அங்கே இதைத்தான் பேசப் போகிறேன்.

அந்தப் பெண்ணை உடனே ஊசி போட்டுக்கொள்ளச் சொல். ஆறினாலும் போடத்தான் வேண்டும். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கேள்.

மாமா பத்திரமாக நடந்து போய் வரட்டும். எனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்.

உஷா

•

காட்டேரிக்குப்பம்,
27.8.2025

அன்புள்ள உஷாவுக்கு,

நலம். அவளிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். ஊசி போட்டால் வீட்டில் காரணம் கேட்பார்களாம். நாய் உயிரோடு இல்லை.

மாமா நேற்றுக் காலை கிளம்பிவிட்டார். கோயிலில் மந்திரித்த ஜெபமாலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மழை வரும்போல இருக்கிறது.

சகாயராணி

•

சென்னை,
7.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கிளம்பி நேற்று இங்கே வந்து சேர்ந்தேன். இன்றுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வருகிறது. விரலில் ஊசி போட்ட இடத்து வீக்கம் வடிந்ததா? மிச்சத் தவணைகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் நான் மறுபடி பஸ் ஏறி வந்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அங்கே உன்னைத் திட்டத்தான் வாய் வந்ததே தவிர வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். திருச்சியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தி, ஒருத்தி என்று அவர்கள் சொன்னால், அந்த ஒருத்தி யார் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்" என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே பூச்சி, எலும்பு, கட்டை விரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உன் கடிதத்தை ஆபீஸ் முழுவதும் வாசித்துக் காட்டிய நான், அதை ஒரு தடவையாவது என் அக்காவின் கடிதமாக வாசித்தேனா? வெட்கமாக இருக்கிறது அக்கா. மேடையிலிருந்து அப்படியே இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

குழாயடியில் என்னைப் பார்த்ததும் நீ கையை முந்தானைக்குள் மறைத்தாயே, அது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. "பூச்சிக்கு வாயெல்லாம் ஒழுவிச்சு, ஒண்ணும் முழுங்கல. எலும்புதான்னு நெனச்சோம். வெறின்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருடி, புள்ள மாதிரி வளத்தாரு" என்று நீ அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. ஆனால் உன் உயிரைவிடவா அது பெரிது?

வீட்டில் வேறு யாருக்காவது கடியோ பல்லோ நகமோ பட்டதா என்று நர்ஸ் கேட்டார். நீ யோசித்துவிட்டு இல்லை என்றாய். இருந்தாலும் மாமா திரும்பி வந்ததும் அவரிடமும் அப்படியே கேள். பல் பட்டதா, நகம் பட்டதா. மறந்துவிடாதே.

உனக்கு ஒன்று என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உஷா

•

காட்டேரிக்குப்பம்,
17.9.2025

அன்புள்ள உஷாவுக்கு,

மாதா நம்மைக் கைவிடவில்லை. ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறேன். விரல் நன்றாக இருக்கிறது. நீ கவலைப்படாதே.

மாமா நல்லபடியாக வந்து சேர்ந்தார். காலெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் சிரிப்பு. மாதாவிடம் என்ன கேட்டீர்கள் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறார். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பூச்சி பல்லு, நகம் ஏதாவது உங்கள் மேல் பட்டதா என்று. யோசித்துப் பார்த்து, "படலியே, ஏன்?" என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் போடுவது ரத்தம் ஊற ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முருங்கை மரத்தடியில் இன்னும் தினமும் போய் நிற்கிறார். அந்த மனிதரிடம் போய் வெறி என்று எப்படிச் சொல்வது? நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

உன் சாப்பாட்டைக் கவனி.

சகாயராணி

•

சென்னை,
26.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். போஸ்டர் வந்துவிட்டது! முதல் பிரதியை உனக்குத்தான் அனுப்புகிறேன். "பல் பட்டாலும் கடிதான். நகம் பட்டாலும் கடிதான். உடனே ஊசி." கீழே பெயர் போட வழியில்லை, இருந்தால் உன் பெயரையும் ராமாயி அக்கா பெயரையும் போட்டிருப்பேன். எங்கே காட்டினாலும் ஒரே பார்வையில் புரிகிறது என்கிறார்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் ஊரிலும் ஒட்டிவிடுவார்கள்.

ஒட்டிய பிறகு ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று கவனி. இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் தயங்காமல் எழுது. அடுத்த பதிப்பில் சேர்க்கலாம். மாமாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா? சொல்லிவிடு அக்கா, நல்லவர்களிடம் எதற்கு ஒளிவு மறைவு.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

உஷா

•

காட்டேரிக்குப்பம்,
6.10.2025

அன்புள்ள உஷாவுக்கு,

நீ நலமா? என் கடைசி ஊசியும் போட்டாயிற்று. எனக்கு ஒன்றும் இல்லை.

போஸ்டரைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ராமாயி அக்கா போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி "இது நான் சொன்னது" என்கிறாள். போன வாரம் மாமாவும் அதன் முன்னால் நின்று படித்தார். வீட்டுக்கு வந்ததும் இதுதான் நேரம் என்று பூச்சி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ஏண்டி, எலும்ப எடுக்க அது வாயில நான் கைய வுட்டேனே, அது எந்தக் கணக்குல வரும்? அது என்ன கடிக்கல. பல்லும் படல. நானாதானே வுட்டேன்" என்றார்.

எனக்குத் துணுக்கென்றது உஷா. அன்றைக்கு நான் குட்டியைப் பிடித்துக்கொண்டேன், அவர் தொண்டை வரைக்கும் விரலை விட்டுத் தேடினார். பெட்டி கட்டும் வார் கிழித்த காயம் அவர் கையில் இருந்தது. கையெல்லாம் எச்சில், லுங்கியில் துடைத்துக்கொண்டார். நீ கேட்கச் சொன்ன பல்லையும் நகத்தையும்தான் நான் கேட்டேன். நேற்றுதான் பழைய போஸ்டரை எடுத்துப் பார்த்தேன். ராமாயி அக்கா உமித்தண்ணி என்று சிரித்தாளே, அந்த உமிழ்நீர் என்பது எச்சில்தானா? அந்த வரியைத்தான் எடுத்துவிட்டீர்களா?

அன்றைக்கே ஊசிக்குக் கூப்பிட்டேன். பூஜை லீவு முடியட்டும் என்றார். இப்போது காய்ச்சல் விடட்டும் என்கிறார். முந்தாநாளிலிருந்து காய்ச்சல் அடிக்கிறது. அந்தக் கை மட்டும் மதமதவென்று இருக்கிறதாம். ஃபேன் காற்று ஆகவில்லை, நிறுத்தச் சொல்கிறார். தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அவர் காதில் விழ இதையெல்லாம் எப்படிக் கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலை எப்படியும் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போய்விடுவேன்.

நீ பயந்துவிடாதே. வெறி முற்றினவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்றுதானே எழுதியிருந்தாய்? அந்தக் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் படித்தேன். பயம் என்றுதான் போட்டிருக்கிறது. இவருக்குப் பயமெல்லாம் இல்லை உஷா. டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு "வேணாம்" என்றுதான் சொல்கிறார்.

உன் அக்கா,
சகாயராணி